ஓரமாகக் கழற்றி வைத்த ஷூ

சேவூர், ஆரணி
17-6-2007

அன்புள்ள மகள் டயானாவுக்கும், மாப்பிள்ளை டேவிட்ராஜுக்கும், பேரன் ரூபனுக்கும் சின்னப்பன் சொல்லி எழுதுவது.

போன வருஷம் சிக்குன்குனியா வந்து இந்த ஊரே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. தறிக்குழியில் கால் வைத்தவனை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அந்தக் காய்ச்சல் ஓய்ந்து, சர்க்கார் கலர் டிவி எங்கள் தெருவில் வந்து இறங்கிய வருஷம் இது. எனக்கு வருஷத்தின் நம்பர் தெரியாது, இப்படித்தான் தெரியும். மேலே தேதி போட்டது உன் அம்மா. எழுதுவதும் அவள் கைதான். அஞ்சாம் வகுப்பு படித்தவள் என்கிற மிதப்பில் நான் சொல்வதில் பாதியை விட்டுவிடுவாள்.

உன் கடுதாசியை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். ஆகஸ்ட் லீவுக்குச் சீமையிலிருந்து இங்கே வர முடியாது, பக்கத்தில் ஏதோ பண்ணையில் கூடாரத்தில் தங்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய்.

"கூடாரமா? வூடு இன்னா இடிஞ்சி பூட்ச்சா?" என்று கேட்டேன்.

"ஜாலிக்குங்க. உள்ள கட்டில், மெத்தை எல்லாம் கீதாம். விறகு அடுப்பாம். கரண்டு கெடையாதாம். பசங்க கோழி முட்டை பொறுக்கலாமாம், பால் கறக்கறத பாக்கலாமாம்."

"நம்ம வூட்ல கரண்டு போனா நீ ஈபிகாரன் பரம்பரையவே திட்டுற. அவுங்க அத்த காசு குடுத்து வாங்கிகினு போறாங்களா?"

இதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டாள். பிறகு எழுதினாள்.

பேரனுக்கு மாடு பார்க்க வேண்டுமென்றால் இங்கே இரண்டு எருமை கட்டியிருக்கிறது. நம்மிடம் இல்லாதது என்ன இருக்கிறது அங்கே? போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது நம் எருக்குழியைக் கண்டதும் அவனுக்கு வந்த சந்தோஷம் எனக்கு மறக்கவில்லை. மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். நீதான், "ஷூவ கழட்டி ஓரமா வெச்சிட்டுப் போடா, ஒண்ணும் ஆவாது, நான் இதுலயே பொரண்டவ" என்றாய். மெத்தையில் குதிப்பது போல எத்தனை குதி குதித்தான். உன் அம்மா கிணற்றடியில் வைத்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றினாள்.

மாதா திருநாளுக்கு நீங்கள் வருவீர்கள் என்று உன் அண்ணன் சவரியின் நினைவுப் பூசையை அன்றைக்குத்தான் சொல்லியிருந்தேன். போகட்டும். நம் வயலில் கூலிக்கு வந்துகொண்டிருந்த சடையன் செத்து வருகிற ஆவணியோடு ஒரு வருஷம். கடைசி வரை என்னை எங்கே பார்த்தாலும் தலையைக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் போனான். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று உன் அம்மா கேட்கிறாள். தோன்றியது, சொன்னேன்.

சின்னப்பன்

(ரூபனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். கூடாரத்தில் ஈரம் இறங்கும். — அம்மா)


பண்ணையிலிருந்து
7-8-2007

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

கூடாரத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா, நீங்கள் கிண்டல் செய்த கூடாரம் இதுதான். மரப்பலகைத் தரை, இரும்பு அடுப்பு, அதன்மேல் ஒரு கெட்டில். டேவிட் காலையிலிருந்து அந்த அடுப்போடு மல்லுக்கட்டுகிறார். ஈர விறகை வைத்து ஊதிக்கொண்டே இருந்தார். நான் நாலு குச்சியைப் பிரித்து வைத்துப் பற்றவைத்ததும், "நர்ஸ் வேலையை விட்டுட்டு நீ இங்கேயே இருந்துடு" என்றார். அவர் சிரித்து ரொம்ப நாளாகிறது.

நம்மிடம் இல்லாதது என்ன இருக்கிறது அங்கே என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் இல்லை அப்பா. அதற்காகத்தான் வந்தேன். ஊருக்கு வர மூன்று வார லீவு வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம்தான் கொடுத்தார்கள். ரூபன் பால் என்றால் பிளாஸ்டிக் கேனில்தான் பார்த்திருக்கிறான். காரை விட்டு இறங்கியதும் சாணி வாசனை அடித்தது. நான் அங்கேயே நின்று மூச்சை நன்றாக இழுத்தேன். டேவிட் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பண்ணைக்காரர் பெயர் ரோஜர். அறுபத்தைந்து வயது இருக்கும். இந்த வாரம் இங்கே ஏதோ பண்ணையில் கோமாரி நோய் வந்துவிட்டது என்று டிவியில் ஒரே பேச்சு. அதனால் வாசலில் மருந்து நனைத்த சாக்கை விரித்து, மிதித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்கிறார். எதையும் இரண்டு முறை சொல்கிறார். எந்தக் கேட்டைத் திறந்தாலும் மூடிக் கட்டிவிட்டுப் போங்கள் என்று வந்ததிலிருந்து பத்து தடவை சொல்லிவிட்டார். எல்லாக் கேட்டிலும் ஆரஞ்சு நிற நைலான் கயிறு, அவர் கையால் போட்ட முடிச்சு. டேவிட் அவருக்கு 'கயிறு தாத்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்.

ரூபன் இன்று ஏழு முட்டை கொண்டுவந்தான். ஒன்றை வழியில் உடைத்துவிட்டு, கோழியே உடைத்துத்தான் கொடுத்தது என்கிறான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கம்பிவேலி போட்டு ஒரு பெரிய எருக்குழி இருக்கிறது. நம்முடையதைப் போல நூறு மடங்கு. மேலே காய்ந்து வெடித்து, அங்கங்கே புல்கூட முளைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் "தாத்தா வூடு, தாத்தா வூடு" என்று கத்தினான்.

வெள்ளிக்கிழமை திரும்புவோம். போட்டோ அனுப்புகிறேன். திருநாளுக்கு வராததற்குக் கோபப்படாதீர்கள். அண்ணன் பூசைக்கு இங்கிருந்தே வேண்டிக்கொள்வேன்.

டயானா


சேவூர்
26-8-2007

டயானாவுக்கு அப்பா எழுதுவது.

போன் வந்து பதினேழு நாள் ஆகிறது. மாப்பிள்ளைதான் பேசினார். எனக்குக் காது கேட்காது என்பதால் உன் அம்மா வாங்கினாள். வாங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன் தொங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள்ளே மாப்பிள்ளை அழுவது எனக்கே கேட்டது.

நீ ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் தூங்குகிறாள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்கிறார். பிள்ளையை அங்கேயே புதைத்துவிட்டீர்கள். எனக்கு பாஸ்போர்ட் இல்லை. இருந்தால் மட்டும் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தெரிந்திருக்குமா. கிறிஸ்மஸுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன அவனுடைய பனியன் ஒன்று கொடியிலேயே இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாதா திருநாள் அன்று கோயிலுக்குப் போனோம். சாமியார் பூசையில் சவரியின் பேரைச் சொல்லி, அடுத்து ரூபன் பேரையும் சொன்னார். மாமனையும் மருமகனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். உன் அம்மா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். தெருவில் யாரும் நேரே முகம் பார்த்துப் பேசுவதில்லை. எதிர்வீட்டு லீலா மட்டும் தினம் வருகிறாள், "தண்ணியாச்சும் குடிங்க பெரிப்பா" என்று டம்ளரை வைத்துவிட்டு நான் குடிக்கும்வரை நிற்கிறாள்.

மாப்பிள்ளை சொன்னதை உன் அம்மா சொல்லித்தான் தெரியும். அது நம் எருக்குழி மாதிரி இல்லையாம். மேலேதான் ஏடு, அடியில் ஆள் உயரத்துக்கு மேலே சாணித் தண்ணியாம். கேட்டை அந்த ஆள் கட்டாமல் விட்டுவிட்டானாம், பிள்ளை தானாக உள்ளே போய்விட்டானாம். அந்த ஆளைச் சும்மா விட மாட்டேன், கோர்ட்டில் நிறுத்துவேன் என்கிறார்.

ரூபனுடைய ஷூ இரண்டும் ஓரமாக, ஜோடியாக இருந்ததாமே. போலீஸ்காரர்கள் அதை இரண்டு முறை கேட்டார்களாம், ஆறு வயசுப் பிள்ளை ஏன் ஷூவைக் கழற்றி வைத்தான் என்று. அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன்.

வேண்டாம். உன் அம்மா பேனாவை நிறுத்திக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

எழுது. இரண்டு வரியாவது எழுது.

அப்பா


19-9-2007

அப்பாவுக்கு,

போனில் கத்திச் சொன்னபடி இதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பின்னே யாரிடம் கொடுப்பீர்கள் என்றும் தெரியவில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு இத்தனை வருஷத்தில் இன்றுதான் கஷ்டமாக இருக்கிறது. யார் இதைப் படித்துச் சொல்கிறீர்களோ, தயவுசெய்து எங்கள் தெருவில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை. டேவிட் கூடாரத்தில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நானும் ரூபனும் முட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கமாக வந்தோம். "அம்மா, தாத்தா வூட்ல மாதிரி குதிக்கட்டா?" என்று கேட்டான். நான் பார்த்தேன் அப்பா. பார்க்காமல் சொல்லவில்லை. காய்ந்து, புல் முளைத்து, நம் வீட்டுக் குழி மாதிரியே இருந்தது. கேட்டில் ஒரு பலகை இருந்தது. மாட்டுக்கு வந்த நோய்க்காக மாட்டியது என்று நினைத்துப் படிக்கவில்லை. கயிறு இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது. முட்டைக்கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவிழ்த்தேன். "ஷூவ கழட்டி ஓரமா வெச்சிட்டுப் போ" என்றேன்.

மருந்துச் சாக்கில் மிதித்து வந்த ஷூ, புதுசு, பாழாகிவிடும் என்று சொன்னேன்.

அவன் கழற்றி வைத்தான். ஓடினான். நாலு எட்டு தாங்கியது. நான் கூடையை எடுக்கக் குனிந்தேன். சத்தமே வரவில்லை. நிமிர்ந்தால் ஏட்டில் ஒரு கறுப்பு ஓட்டை. வயிற்றால் படுத்துக் கையை நீட்டிப் பார்த்தேன். எதுவும் கைக்கு வரவில்லை. பிறகு ரோஜர் ஓடிவந்தார்.

கேட்டவர்களிடம், நான் வரும்போதே கேட் திறந்திருந்தது என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வாயில் அதுதான் வந்தது. ஒரு தடவை சொன்னபிறகு எல்லாரும் அதையே எழுதிக்கொண்டார்கள்.

ரோஜர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் காலையில் கட்டினேன் அம்மா. என் முடிச்சு தானாக அவிழாது" என்றார். டேவிட் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இப்போது பண்ணைக்கு யாரும் தங்க வருவதில்லையாம். கூடாரங்களைப் பிரித்துவிட்டார்களாம். அவர் மகனே அவரிடம், கட்ட மறந்துவிட்டீர்கள் அப்பா, வயசாகிவிட்டது என்று சொன்னானாம். நவம்பரில் மரண விசாரணை. நான் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும்.

அண்ணன் சாவைப் பற்றிச் சின்ன வயதில் நீங்கள் சொன்னது நினைவு வருகிறது. சடையன் மாமா முடிச்சைச் சரியாகப் போடவில்லை, அதனால்தான் அண்ணன் கிணற்றில் விழுந்தான் என்று. நான் அந்த ஆளைப் பார்த்தாலே வழிமாறிப் போவேன். ரோஜரையும் இனி எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் டேவிட் என் முகத்தில் விழிக்க மாட்டார். சொல்லாமல் வேலைக்குப் போகிறேன், நரம்பு தேடி ஊசி போடுகிறேன், கை நடுங்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சொல்லட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன். உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆள் இல்லை.

டயானா


சேத்துப்பட்டு
9-10-2007

மகள் டயானாவுக்கு அப்பா சின்னப்பன் சொல்லி எழுதுவது.

இது உன் அம்மா கை இல்லை. உன் கடுதாசி வந்து எட்டு நாள் பனியனுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆரணியில் யாரிடமும் கொடுக்க முடியாது. சேவூரிலே கேட்கவே வேண்டாம். இன்று காலை சேத்துப்பட்டு மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கோயிலுக்குப் போகவில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார், வீரபாகு என்று பெயர். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது.

படித்துக்கொண்டே வந்தவர் ஷூ என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "பெரியவரே, மீதிய நான் படிக்கத்தான் வேணுமா?" என்றார்.

"எனக்குக் கண்ணு கீது, எழுத்து இல்ல. நீங்க படிக்கலன்னா எனக்கு இது காயிதந்தான்" என்றேன்.

முடித்துவிட்டு எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார். குடித்தோம். இப்போது எழுதச் சொல்லி உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஒன்றையும் மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

கட்சி இரண்டாக உடைந்து, ஆரணி பஸ் ஸ்டாண்டில் கொடிக்கம்பத்துக்கு அடித்துக்கொண்டார்களே, அந்த வருஷம். மழை ஏமாற்றிவிட்டது. நாற்று காய்ந்துகொண்டிருந்தது. ஆயில் இஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. படி இல்லாத பக்கம், குழாயின் அடிவாயில் பாசி அடைத்துக்கொண்டது. யாராவது இறங்கி எடுக்க வேண்டும். பெரிய ஆள் இறங்கினால் கயிறு தாங்காது என்று எனக்குத் தெரியும். மாடு கட்டி இறைத்த காலத்துக் கயிறு அது. சவரிக்குப் பதினோரு வயசு, எலும்பும் தோலுமாக இருப்பான்.

சடையன் கயிற்றைக் கையில் ஓடவிட்டுப் பார்த்தான். "அண்ணே, நடுவுல நைஞ்சி கீது. வேணாண்ணே. களம்பூர் போயி வேற கயிறு வாங்கிகினு வந்துர்றேன்" என்றான்.

"நீ போய் வர்றதுக்குள்ள நாத்து செத்துடும். பையன் கனம் தாங்காதா? நீ முடிச்ச நல்லா போடு, அது போதும்" என்றேன்.

சவரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய தவள கீதுப்பா" என்றான்.

"அது உன்ன இன்னா பண்ணும்? எறங்குடா, ஜல்தி" என்றேன். அவன் என்னிடம் பேசியதும் நான் அவனிடம் பேசியதும் அதோடு சரி.

முடிச்சு அவிழவில்லை டயானா. கயிறு அறுந்தது. கீழே பாறையில் விழுந்தான். நான்தான் படி இறங்கிப் போய்த் தூக்கிவந்தேன். அவனை மேட்டில் கிடத்தினபோது இடுப்பில் முடிச்சு அப்படியே இருந்தது. ஆட்கள் வரப்பில் ஓடிவருவது தெரிந்தது. நான் அந்த முடிச்சை அவிழ்த்தேன். ஈரத்தில் இறுகிப்போய் விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கயிற்றின் இரண்டு துண்டையும் வைக்கோல் போருக்குள் செருகிவிட்டு, மறுநாள் நெல் அவிக்கிற அடுப்பில் போட்டேன். என் ஆத்தாள் அதைப் பார்த்தாள். கேட்கவில்லை. வந்தவர்களிடம், முடிச்சு நழுவிவிட்டது என்றேன். சடையன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வயலில் கூலிக்கு வருகிறவன், என்ன சொல்வான்.

அதற்குப் பிறகு சேவூரில் யாரும் அவனைக் கயிறு பிடிக்கக் கூப்பிடவில்லை. கிணறு வெட்டவும் இல்லை, சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கவும் இல்லை. களம்பூர் ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். எனக்குக் கும்பிடு போட்டானே என்று எழுதினேன். அதில் என்ன இருந்தது என்று முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியவில்லை. போன வருஷக் காய்ச்சலில் அவன் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். முட்டி வீங்கி, திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவன் பெண்டாட்டி கெங்கம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "கஞ்சி குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் செத்தான். சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதுவரை கயிறு என்று வாய் திறந்ததில்லை. கவனம் இல்லாமல் இருந்துவிட்டேன் சாமி என்றுதான் சொன்னேன்.

அந்தப் பொய்யைத்தான் உனக்கும் சொல்லி வளர்த்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். சொல்லிவிடு. அந்த ரோஜரிடம் முதலில் சொல். அப்புறம் மாப்பிள்ளையிடம் சொல். அப்புறம் அந்த விசாரணையில் சொல். சொன்னால் மனசு ஆறும் என்று நான் எழுதவில்லை, எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன். மாப்பிள்ளை உன்னை விட்டுப் போகலாம். போகிறவரை நான் தடுக்க முடியாது. அந்த ஆள் சாகிறதற்குள் சொல். அவர் மகன் அவரைப் பார்க்கிற பார்வை மாறட்டும். சடையனுக்கும் மகன் இருந்தான். இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை.

எருக்குழியில் முதலில் அவனைக் குதிக்கவிட்டது என் வீட்டில். அதை உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே.

வீரபாகு ஐயா மணி என்ன என்று பார்க்கிறார். மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் பொழுது இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடுவேன். உன்னைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. உன் விஷயம் என் வாயில் வராது, அது உன்னுடையது. என்னுடையதைச் சொல்லப் போகிறேன்.

அன்றைக்குக் கிணற்று மேட்டில் இருந்தவர்களை எனக்கு ஒவ்வொருத்தராகத் தெரியும். சவரி அன்றே போய்விட்டான். என் ஆத்தாள் எமர்ஜென்சி வந்த வருஷம் போனாள். சடையன் போன வருஷம். நீ வேப்பமரத்துத் தூளியில் ஆறு மாதக் குழந்தை. உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சடையன் வேண்டாம் என்றதையும், நான் இறங்கு என்றதையும், பல்லால் முடிச்சை அவிழ்த்ததையும் பார்த்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். அன்றையிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள். ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. மன்னித்துவிட்டாளா, இல்லை நான் சொல்லட்டும் என்று இத்தனை வருஷமும் காத்துக்கொண்டிருக்கிறாளா, தெரியாது. அன்றைக்கு அதைக் கண்ணால் கண்டவர்களில், என்னை விட்டால், இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். உன் அம்மா, பாக்கியமேரி.